மூடினால் போதுமா, அணைக்க வேண்டுமா? ஒரு லேப்டாப் பஞ்சாயத்து

எங்கள் வீட்டில் லேப்டாப் விஷயத்தில் இரண்டு கட்சி. ஒன்று அப்பா கட்சி. வங்கியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராத்திரி ஒன்பதரைக்கு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மூடி, ஷட்டவுன் கொடுத்து, திரை கறுக்கும்வரை பக்கத்திலேயே நின்று, சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிட்டுத்தான் படுக்கப் போவார். கேஸ் சிலிண்டரை மூடுவதும் இதுவும் அவருக்கு ஒரே மாதிரி வேலை. இன்னொன்று என் மகள் கட்சி. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அவள் லேப்டாப்பை அணைத்து நான் பார்த்ததே இல்லை. டப்பென்று மூடுவாள். காலையில் திறந்தால் பிரௌசரில் அறுபது டேப்பும் விட்ட இடத்திலேயே நிற்கும்.

"தினமும் அணைச்சு அணைச்சுப் போட்டா அதுலதான் தாத்தா கெட்டுப்போகும்" என்பது அவள் வாதம். "ராத்திரி பூரா ஓடிக்கிட்டே இருந்தா எந்த மிஷின்மா தாங்கும்?" என்பது அவர் வாதம். தீர்ப்பு சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு லேப்டாப்பையும் உட்கார்ந்து துருவிப் பார்த்ததில் ஒரு வேடிக்கை தெரிந்தது. அப்பா அணைத்ததாக நினைத்தது முழுதாக அணையவில்லை. மகள் தூங்க வைத்ததாக நினைத்தது முழுதாகத் தூங்கவில்லை. அதனால் ஸ்லீப்பா ஷட்டவுனா என்று ஒப்பிடுவதற்கு முன்னால், அந்தப் பட்டன்களை அழுத்தும்போது உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

ஒரு தையல் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். தையல்காரர் சட்டையைப் பாதி தைத்திருக்கிறார். டீ குடிக்கப் போகவேண்டும். துணியை ஊசிக்கு அடியிலேயே விட்டுவிட்டு, கடையைப் பார்த்துக்கொள்ள ஒரு பையனை உட்கார வைத்துவிட்டுப் போகிறார். திரும்பி வந்ததும் பெடலை மிதித்தால் போதும், வேலை தொடரும். அதுதான் ஸ்லீப். ஹைபர்நேட் என்பது, சட்டையை மடித்து, எந்த இடம்வரை தைத்தோம் என்று சீட்டு எழுதிச் செருகி, அலமாரியில் வைத்துப் பூட்டி, ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போவது. பையன் தேவையில்லை. ஆனால் மறுநாள் வந்து எல்லாவற்றையும் எடுத்து விரிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். ஷட்டவுன் என்றால், கையிலிருக்கும் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, மேசையைத் துடைத்துவிட்டுக் கிளம்புவது. மறுநாள் புதுத்துணி, புதுக்கணக்கு.

கடையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பையன்தான் ரேமுக்கு, அதாவது திறந்திருக்கும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகத்துக்கு, போகும் சொட்டு மின்சாரம். ரேமில் ஒவ்வொரு தகவலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்தேக்கியில் மின்னூட்டமாக நிற்கிறது. அது ஓட்டைக் குடம், நிரப்பி வைத்தாலும் கசியும். அதனால் 64 மில்லிவினாடிக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்குப் பதினைந்து தடவைக்கும் மேல், அத்தனை குடத்தையும் திரும்ப நிரப்ப வேண்டும். ஸ்லீப்பில் திரை, பிராசஸர், டிஸ்க் எல்லாம் ஓய்ந்துவிட்டாலும் இந்த நிரப்பல் மட்டும் நிற்காது. நின்றால் மகளின் அறுபது டேப்பும் காலி. ஹைபர்நேட்டில் ரேமில் இருப்பதை அப்படியே டிஸ்க்கில் ஒரு பெரிய ஃபைலாக எழுதிவிட்டு மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த நிலைகளுக்கெல்லாம் பெயர் வைத்து ஒழுங்குபடுத்தியது ஏசிபிஐ என்ற விதித்தொகுப்பு. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்டார்கள். அதில் எஸ்0 என்றால் விழித்திருக்கிறது, எஸ்3 என்றால் ஸ்லீப், எஸ்4 ஹைபர்நேட், எஸ்5 ஷட்டவுன். இதில் எஸ்0, எஸ்3 இரண்டையும் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

அப்பாவின் ஷட்டவுன்

அப்பாவிடம் இருப்பது ஹார்ட் டிஸ்க் காலத்து விண்டோஸ் லேப்டாப். ஒரு நாள் காலையில் அவர் அதை ஆன் செய்த அஞ்சாவது நிமிஷம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியூவைத் தொட்டுக் காட்டினேன். கீழே அப் டைம் என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். கடைசியாக முழுசாகத் தொடங்கியதிலிருந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்ற கணக்கு அது. அதில் 19 நாள் என்று இருந்தது. "நேத்து ராத்திரிகூட அணைச்சேனேப்பா, ஸ்விட்சையும்தான் அணைச்சேன்" என்றார். பாவம், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது, கம்ப்யூட்டர் சீக்கிரம் ஆன் ஆகவேண்டும் என்பதற்காக மைக்ரோசாஃப்ட் ஒரு தந்திரம் செய்தது. ஷட்டவுன் கொடுத்தால் நாம் திறந்து வைத்திருக்கும் புரோகிராம்கள் நிஜமாகவே மூடப்படும், நம் கணக்கும் வெளியேற்றப்படும். ஆனால் விண்டோஸின் அடிமட்டம், அதாவது கெர்னல் என்ற மையப்பகுதியும், வைஃபை, பிரிண்டர் போன்றவற்றை இயக்கும் டிரைவர்கள் என்ற சின்ன மென்பொருள்களும், ஹைபர்நேட் ஆவதுபோல டிஸ்க்கில் எழுதப்பட்டுவிடும். மறுநாள் ஆன் செய்யும்போது அதை எடுத்து விரித்துக்கொள்ளும். ஆக அது பாதி ஷட்டவுன், பாதி ஹைபர்நேட். தையல்காரர் சட்டையை முடித்துக் கொடுத்துவிட்டார், மேசையை மட்டும் துடைக்கவில்லை.

இதில் சிரிப்பு என்னவென்றால், ரீஸ்டார்ட் இந்தத் தந்திரத்தைச் செய்யாது. ரீஸ்டார்ட் கொடுத்தால் எல்லாமே கலைந்து அடியிலிருந்து புதிதாகத் தொடங்கும். "வைஃபை வரமாட்டேங்குது, பிரிண்டர் பேசமாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் நாம் உடனே "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்கிறோம் இல்லையா? விண்டோஸில் அது பல சமயம் பலிக்காமல் போவதற்கு இதுதான் காரணம். சிக்கிக்கொண்ட டிரைவர் சிக்கிய நிலையிலேயே பத்திரமாகச் சேமிக்கப்பட்டு, மறுபடியும் எழுப்பப்படுகிறது. ரீஸ்டார்ட் என்றுதான் சொல்ல வேண்டும்.

நிஜமாகவே அணைக்க வேண்டுமானால் இரண்டு வழி. ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட்டவுனைக் கிளிக் செய்தால் அந்த ஒரு தடவை முழுசாக அணையும். நிரந்தரமாக வேண்டுமானால் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடலாம். டிக் மங்கலாகத் தெரிந்தால், அதே பக்கத்தின் மேலே அமைப்புகளை மாற்றுவதற்கான ஒரு வரி இருக்கும், முதலில் அதை அழுத்த வேண்டும். ஹைபர்நேட் பட்டன் மெனுவில் வராதவர்களும் இதே பக்கத்தில்தான் அதற்கு டிக் போட வேண்டும். பல லேப்டாப்பில் அது இருந்தும் மறைத்தே வைக்கப்பட்டிருக்கும்.

ஒரே மெஷினில் விண்டோஸும், லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் போட்டு வைத்திருப்பவர்கள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருப்பதால் அதன் டிரைவை லினக்ஸ் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. அப்படியே வற்புறுத்தி எழுதினால் ஃபைல்கள் நாசமாகலாம். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அதில் பிற்பாடு விண்டோஸ் 8, 10 என்று ஏற்றிக்கொண்டவர்கள் வீட்டில் இந்தக் குழப்பம் நடந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

மகளின் ஸ்லீப்

இப்போது அந்த எஸ்3-க்கு வருவோம். பழைய லேப்டாப்களில் மூடியை மூடினால் எஸ்3. கடைப்பையன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பான். ஆனால் செல்போன் வந்தபிறகு எல்லாருக்கும் ஒரு எதிர்பார்ப்பு வந்துவிட்டது. போன் திரை அணைந்திருந்தாலும் மெசேஜ் வருகிறது, தட்டினால் உடனே எழுகிறது, லேப்டாப் மட்டும் ஏன் அப்படி இல்லை? விண்டோஸ் 8-இல் கனெக்டட் ஸ்டாண்ட்பை என்ற பெயரில் அதற்கான ஏற்பாடு வந்தது. விண்டோஸ் 10-இல் அதை விரிவாக்கி மாடர்ன் ஸ்டாண்ட்பை ஆக்கினார்கள். இதில் மெஷின் எஸ்3-க்குப் போவதே இல்லை. எஸ்0-விலேயே, அதாவது விழித்திருக்கும் நிலையிலேயே, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறது. மெயில் வந்ததா, அப்டேட் உண்டா என்று அவ்வப்போது எழுந்து பார்க்கும். கடைப்பையன் இப்போது போனை எடுக்கிறான், ஆர்டர் வாங்குகிறான், சமயத்தில் ஷட்டரைப் பாதி தூக்கி வெளியே எட்டியும் பார்க்கிறான்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் இது நல்ல ஏற்பாடுதான். ஏதாவது ஒரு டிரைவரோ புரோகிராமோ அடம் பிடித்து மெஷினைப் படுக்கவிடாமல் செய்தால்தான் தொல்லை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மதுரையிலிருந்து சென்னைக்கு ராத்திரிப் பேருந்து. கிளம்பும் அவசரத்தில், பேட்டரி முக்கால்வாசி இருக்கும்போதே லேப்டாப்பை மூடி, பஞ்சு வைத்த உறைக்குள் செருகி, அதைப் பைக்குள் போட்டு, பையைக் காலடியில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். விடிகாலையில் தாம்பரம் தாண்டியபோது பையைத் தூக்கினால், இப்போதுதான் இறக்கிய இட்லிச் சட்டி மாதிரி சூடு. திறந்தால் பேட்டரி 6 சதவீதம். பத்து மணிக்குக் காட்ட வேண்டிய ஸ்லைடுகளோடு, கோயம்பேட்டில் ஒரு டீக்கடையில் பிளக் பாயிண்ட் கேட்டுக் கெஞ்சினேன். மூடினால் தூங்கிவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பியது என் தப்பு. ஒரு நிமிஷம் ஒதுக்கி ஹைபர்நேட் கொடுத்திருக்கலாம்.

பேட்டரி தீர்ந்ததுகூடப் பெரிய விஷயமில்லை, சார்ஜ் போட்டால் ஏறிவிடும். பயப்பட வேண்டியது சூட்டுக்குத்தான். லித்தியம் அயான் பேட்டரியை வேகமாகக் கிழவனாக்குவது சூடும், நூறு சதவீதத்திலேயே எப்போதும் நிற்பதும். காற்றுப் போகாத பைக்குள் மெஷின் விழித்திருந்தால் இரண்டில் ஒன்று நிச்சயம்.

உங்கள் லேப்டாப் எந்த ரகம் என்று தெரிந்துகொள்வது எளிது. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்பதை ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் அடித்து, பிறகு ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, ஏ என்ற எழுத்து போட்டு என்டர் தட்டுங்கள். உங்கள் மெஷினில் என்னென்ன தூக்கம் உண்டு என்று பட்டியல் வரும். எஸ்3 என்று இருந்தால் பழைய, அமைதியான தூக்கம். எஸ்0 லோ பவர் ஐடில் என்று இருந்தால் மாடர்ன் ஸ்டாண்ட்பை. ஏ-க்குப் பதிலாக ஸ்லீப்ஸ்டடி என்று அடித்தால், மூடியிருந்த நேரத்தில் யார் யார் எழுந்து எவ்வளவு பேட்டரி தின்றார்கள் என்று ஒரு அறிக்கையே கிடைக்கும். அந்தக் கறுப்புத் திரையை அட்மினிஸ்டிரேட்டராகத் திறந்தால்தான் அறிக்கை வரும். மகளின் லேப்டாப் எஸ்0 ரகம் என்பது இப்படித்தான் தெரிந்தது.

ஆப்பிள் மேக்புக் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிட்டிருக்கலாம். 2020 நவம்பரில் வந்த எம்1 சிப்பிலிருந்து அவர்களுக்கு மூடினோம், திறந்தோம் என்பதோடு வேலை முடிந்தது. வன்பொருளும் மென்பொருளும் ஒரே கம்பெனி செய்வதில் இது ஒரு சௌகரியம். விலையும் அதற்குத் தகுந்தாற்போல்தான்.

கரண்ட் செலவும் தேய்மானமும்

அப்பாவின் முதல் கவலை கரண்ட் பில். சரி, கணக்கே போட்டுவிடலாம். ஒழுங்காகத் தூங்கும் லேப்டாப் அரை வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் தூங்கினால் 8 வாட்-மணி. வருஷத்துக்கு 2,920. அதாவது மூன்று யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. 75 வாட் சீலிங் ஃபேனை 39 மணி நேரம் ஓட விட்டால் இதே செலவு ஆகிவிடும். ஹாலில் யாருமில்லாமல் சுற்றும் ஃபேனை வாரத்தில் ஒரு மணி நேரம் முன்னால் அணைத்தாலே மகளின் வருஷ ஸ்லீப் செலவு ஈடாகிவிடுகிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்நாட்டு வீட்டுப் பில்லில் இதைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பேட்டரிக் கணக்கு வேறு. 50 வாட்-மணி பேட்டரியில் அரை வாட் போனால், எட்டு மணி நேர ராத்திரிக்கு 4 வாட்-மணி, அதாவது 8 சதவீதம். காலையில் 8 சதவீதம் குறைந்திருந்தால் கவலைப்பட வேண்டாம். முப்பது, நாற்பது குறைந்திருந்தால் அது தூங்கவில்லை, சும்மா படுத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கிறது. சார்ஜர் இல்லாமல் நாலு நாள் ஊருக்குப் போனால் இந்த அரை வாட்டே முழு பேட்டரியையும் காலி செய்துவிடும். அங்கே ஸ்லீப் கட்சி தோற்றுவிடுகிறது.

மகளின் வாதத்துக்கு வருவோம். அணைத்து அணைத்துப் போட்டால் கெட்டுவிடுமா? குண்டு பல்பு காலத்து நம்பிக்கை இது. போடும் கணத்தில்தான் அவை பட்டென்று போகும். லேப்டாப்புக்கு அது பொருந்தாது. 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குகளில் ஊசியை இறக்கி ஏற்றுவதற்குத் தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு 6 லட்சம் தடவை. அணைப்பதும் போடுவதுமாக நாளுக்குப் பத்துத் தடவை நடந்தாலும் 164 வருஷம் ஆகும். தாத்தாவின் டிஸ்க் தாத்தாவின் கையால் சாகாது.

ஹைபர்நேட் பற்றியும் இப்படி ஒரு பயம் உண்டு. ஒவ்வொரு தடவையும் ரேம் முழுவதையும் எழுதினால் எஸ்எஸ்டியின், அதாவது சுற்றும் தட்டு இல்லாத புதுரக டிஸ்க்கின், ஆயுள் போய்விடும் என்பார்கள். ஒரு தடவைக்கு 6 ஜிபி, நாளுக்கு இரண்டு தடவை என்று தாராளமாகவே வையுங்கள். வருஷத்துக்கு 4.4 டிபி, அதாவது சுமார் 4,400 ஜிபி. நடுத்தர ரக 250 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுக்கு 150 டிபி எழுதும்வரை உத்தரவாதம் தருகிறார்கள். 34 வருஷக் கணக்கு. லேப்டாப்பின் கீல் அதற்குள் மூன்று தடவை உடைந்திருக்கும். ஹைபர்நேட்டால் வரும் நிஜச் செலவு இடம்தான். விண்டோஸ் அந்த ஃபைலுக்கு ரேம் அளவில் 40 சதவீதத்தை டிஸ்க்கில் ஒதுக்கி வைத்துவிடும். 16 ஜிபி ரேம் என்றால் 6.4 ஜிபி. சின்ன டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு அது உறுத்தும்.

அப்பாவின் சுவர் ஸ்விட்சுக்கு மட்டும் ஒரு நியாயம் உண்டு, ஆனால் அவர் நினைக்கும் காரணத்துக்காக அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது லைனில் வரும் மின்னழுத்தம் லேப்டாப் தூங்குகிறதா அணைந்திருக்கிறதா என்று பார்த்து வராது. சார்ஜர் சொருகியிருந்தால் இரண்டுக்கும் ஒரே ஆபத்துதான். இடி நேரத்தில் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்.

எப்போதாவது கலைத்துப்போட வேண்டும்

அப்படியானால் அணைக்கவே வேண்டாமா? வேண்டும், ஆனால் அதன் பெயர் ரீஸ்டார்ட். புரோகிராம்கள் ரேமில் இடம் கேட்டு வாங்கிக்கொண்டு திருப்பித் தர மறக்கும். பிரௌசர் இதில் பெரிய கடன்காரன். நாள் ஆக ஆகச் சின்னச் சின்னச் சிக்கல்கள் சேரும். புளூடூத் ஹெட்செட் ஒரு காதில் மட்டும் பேசும். அப்டேட்டுகள் டவுன்லோடு ஆகி, எப்போது ரீஸ்டார்ட் செய்வார்கள் என்று வாசலில் காத்திருக்கும். பாதுகாப்பு அப்டேட்டுகளும் அந்த வரிசையில்தான் நிற்கின்றன. மாதக்கணக்கில் மூடி மூடித் திறப்பவர்களுக்கு இதுதான் பெரிய நஷ்டம்.

அணைக்காமலே ஓடவிடுவதன் ஆபத்துக்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. விண்டோஸ் 95, 98 இரண்டும் 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் உறைந்து நின்றுவிடும் கோளாறு இருந்தது. தொடங்கியதிலிருந்து ஆன மில்லிவினாடிகளை 32 பிட் எண்ணில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 429 கோடி சொச்சத்தில் அந்த எண் நிரம்பி மறுபடியும் பூஜ்யத்துக்குப் போய்விடும். அந்தக் காலத்து விண்டோஸை 49 நாள் ஓடவிட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பது தனிக் கேள்வி. விமானத்திலும் இதே மாதிரி ஒரு கோளாறு இருந்தது. போயிங் 787-இன் மின்சாரம் 248 நாள் நிறுத்தாமல் ஓடினால் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒரேயடியாக நின்றுபோகலாம் என்று கண்டுபிடித்து, அதற்குள் ஒருமுறை அணைத்துப் போடவேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2015-இல் உத்தரவு போட்டது. அத்தனை கோடி ரூபாய் விமானத்துக்கும் நம்ம ஊர் கேபிள்காரர் சொல்லும் அதே வைத்தியம்.

என் அனுபவத்தில் வாரத்துக்கு ஒரு ரீஸ்டார்ட் போதும். மகள் பயப்படும் அந்த அறுபது டேப்பும் போகாது. பிரௌசர் செட்டிங்கில், தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லிவிட்டால் திரும்ப வந்து நிற்கும்.

பேட்டரி போன மெஷின், டெஸ்க்டாப்

இதை ஏன் பலர் சொல்வதில்லை என்று தெரியவில்லை. நம் வீடுகளில் பேட்டரி செத்துப்போய் சார்ஜரிலேயே ஓடும் லேப்டாப்கள் எத்தனையோ. அவற்றை ஸ்லீப்பில் போடவே கூடாது. கரண்ட் போன அந்த வினாடியே ரேம் காலி, சேவ் செய்யாத வேலையும் காலி. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்தக் கண்ணிமைக்கும் இடைவெளியிலேயே சில மெஷின்கள் அணைந்து எழுந்துவிடும். இவர்களுக்கு ஹைபர்நேட் அல்லது ஷட்டவுன்தான். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸில் ஹைப்ரிட் ஸ்லீப் என்று ஒரு வசதி உண்டு. தூங்கும்போதே ரேமின் நகல் ஒன்றை டிஸ்க்கிலும் எழுதி வைத்துவிடும். கரண்ட் போகாவிட்டால் சட்டென்று எழும், போனால் டிஸ்க்கிலிருந்து எழும். மின்வெட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்களுக்காகவே செய்தது போல இருக்கிறது.

ஹார்ட் டிஸ்க் லேப்டாப்புக்கு இன்னொரு எச்சரிக்கை. மூடிய கையோடு தூக்கிப் பையில் போடாதீர்கள். டிஸ்க் சுற்றுவது நிற்கும்வரை சில வினாடி பொறுங்கள். ஹைபர்நேட் கொடுத்திருந்தால் எழுதி முடிக்கவே அரை நிமிஷத்துக்கு மேல் ஆகலாம். விளக்கு அணைந்த பிறகு எடுங்கள். எஸ்எஸ்டிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

தொலைந்தால் என்ன ஆகும்?

ஆபீஸ் லேப்டாப்போடு பயணம் செய்பவர்களுக்கு இது முக்கியம். டிஸ்க்கை பிட்லாக்கர், ஃபைல்வால்ட் போன்ற பூட்டு மென்பொருள் போட்டுப் பூட்டியிருந்தாலும், ஸ்லீப்பில் இருக்கும்போது பூட்டின் சாவி ரேமில்தான் இருக்கிறது. 2008-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு குழுவாக இதைச் செய்தே காட்டினார்கள். தூசி ஊதும் ஸ்பிரே டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து ரேம் சில்லைக் குளிரவைத்தால், மின்சாரம் போன பிறகும் அதிலிருப்பது நிமிஷக்கணக்கில் அழியாமல் நிற்கிறது. அதற்குள் சாவியைப் படித்துவிடலாம். பேருந்து நிலையத் திருடன் ஸ்பிரே டப்பாவோடு அலைய மாட்டான்தான். ஆனாலும் வாடிக்கையாளர் விவரம், நோயாளிகள் கோப்பு என்று வைத்திருப்பவர்கள் வெளியூர் போகும்போது ஹைபர்நேட்டோ ஷட்டவுனோ செய்வதுதான் சரி.

விமானத்தில் இது விதியாகவே இருக்கிறது. லேப்டாப்பைக் கைப்பையில் வைத்துக்கொள்ளத்தான் சொல்வார்கள். செக்-இன் பெட்டியில் போடுவதாக இருந்தால் முழுதாக அணைத்திருக்க வேண்டும், ஸ்லீப்பும் ஹைபர்நேட்டும் ஆகாது என்பது சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதி. இந்த இடத்தில் ஷிஃப்ட் கீயோடு ஷட்டவுன் கொடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு

மகளிடம் பேரம் பேசினேன். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில், சாப்பிடப் போகும்போது, வீட்டுக்குள் அறை மாறும்போது எல்லாம் மூடினால் போதும், ஸ்லீப்தான் சரி. விண்டோஸில் மூடியை மூடினால் என்ன நடக்கவேண்டும் என்பதை, சார்ஜரில் இருக்கும்போது ஒன்று, பேட்டரியில் இருக்கும்போது இன்னொன்று என்று தனித்தனியாக வைக்கலாம். அவளுக்கு சார்ஜரில் ஸ்லீப், பேட்டரியில் ஹைபர்நேட் என்று வைத்துக்கொடுத்தேன். பைக்குள் போகும் லேப்டாப் பெரும்பாலும் பேட்டரியில்தானே இருக்கும். ஹைபர்நேட்டிலிருந்து எழ எஸ்எஸ்டியில் பத்துப் பன்னிரண்டு வினாடி ஆகிறது. முதல் வாரம் "ஸ்லோவா இருக்குப்பா" என்று முனகினாள். ரெண்டாவது வாரம் மதியம் மூன்று மணிக்கும் பேட்டரி மிச்சமிருப்பதைப் பார்த்துவிட்டு முனகுவதை நிறுத்திவிட்டாள். சனிக்கிழமை ரீஸ்டார்ட் மட்டும் இன்னும் நான் ஞாபகப்படுத்தித்தான் நடக்கிறது.

நான் எனக்கு வைத்துக்கொண்டது இன்னும் எளிது. முதலில் ஸ்லீப், ரெண்டு மணி நேரம் யாரும் தொடாவிட்டால் தானாக ஹைபர்நேட். பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில் ஹைபர்நேட் ஆஃப்டர் என்று ஒரு இடம் உண்டு, அதில் 120 என்று போட்டால் முடிந்தது. ஒரே ஒரு வழி சொல்லு என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பேருந்துப் பயணத்துக்கு மட்டும் இதையும் நம்புவதில்லை. கையால் ஹைபர்நேட் கொடுத்து, விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைக்கிறேன்.

அப்பாவிடம் ஸ்லீப் பற்றிப் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை. யோசித்தால் அவருக்கு அது தேவையும் இல்லை. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், திறந்து வைத்த டேப் எதுவும் அடுத்த நாளுக்கு வேண்டாம். அவருக்கு ஷட்டவுன்தான் சரி, அது நிஜ ஷட்டவுனாக இருக்கட்டும் என்று ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிட்டேன். ஹார்ட் டிஸ்க் என்பதால் ஆன் ஆக முன்பைவிட ஒரு நிமிஷம் கூடுதலாக ஆகிறது, பரவாயில்லையா என்று கேட்டேன். "அதுக்குள்ள கண்ணாடியைத் துடைச்சுக்கறேன்" என்றார். இப்போது தினமும் ஆன் செய்ததும் முதல் வேலையாக டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அப் டைம் பூஜ்யத்திலிருந்துதான் ஓடுகிறதா என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொள்கிறார்.